நெற்றி விளக்கு முதுகில் இறங்கிய கதை

பூச்சிக்கும் பறவைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில் மின்மினிக்கு விளக்கு வாலடியில் இல்லை, நெற்றியில் இருந்தது. அணைந்து அணைந்து எரிகிற விளக்கும் அல்ல. பொழுது சாயும்போது ஏற்றினால் விடிகிறவரை ஒரே சீராக எரியும். அதற்குத் தகுந்தாற்போல மின்மினிகளும் தலையை நிமிர்த்தித்தான் திரிந்தன. நெற்றியில் விளக்கை வைத்துக்கொண்டு குனிந்து நடப்பார் உண்டா?

வேதாரணியத்துக்குத் தெற்கே, கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கும் உப்பங்கழிக் கரையில் தழலி என்றொரு மின்மினி இருந்தாள். மற்ற மின்மினிகளைவிட அவள் தலை ஒரு நெல்மணி அளவு கூடுதலாகவே நிமிர்ந்திருக்கும். காரணம் இருந்தது. இளவயதில் ஒரு பங்குனி மாதம், தன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஊசிவால் வாத்து ஒன்றின் கழுத்துச் சிறகுக்குள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது கீழே மலைகள் போய்க்கொண்டிருந்தன. போய்ச் சேர்ந்த இடம் பனிநாடு. அங்கே கோடையில் பொழுதே சாயாது. பட்டப்பகலில் விளக்கு ஏற்றினால் யார் பார்ப்பார்? விளக்குக்கு மதிப்பில்லாத ஊரில் தழலி வாயை வைத்துப் பிழைத்தாள். வாத்துகளின் மொழியைக் கற்றாள். மீனுக்கு, பாசிக்கு, காற்றுக்கு, குஞ்சுக்கு, பசிக்கு எல்லாம் அவர்கள் சொல்வதைக் கற்றாள். விளக்கைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அதே வாத்துகளோடு திரும்பி வந்தவள், இறங்கிய மறுநாளே இரு மொழிக்கும் நடுவில் நிற்கும் துபாஷி ஆகிவிட்டாள். கழியில் அதுவரை வாத்துகளும் ஊர்ப்பறவைகளும் தலையை ஆட்டியும் வாலை ஆட்டியும்தான் காலம் தள்ளியிருந்தன. இப்போது எந்த மீன்குட்டை யாருக்கு, எந்தத் திட்டில் யார் தங்குவது என்பதெல்லாம் தழலி வாய்வழியாகவே முடிந்தது. 'துபாஷியம்மா வராங்க' என்று நண்டுகூட ஒதுங்கி வழிவிட்டது. நான்கைந்து வருஷம் இப்படி ஓடியதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. 'தெரியாது' என்ற சொல் இரண்டு மொழியிலும் அவள் வாயில் வராமல் போனது.

ஒரு வருஷம் பெரிய புயல் அடித்தது. கழியின் வாயில் வரிசையாக நின்ற கருவேல மரங்களின் வேருக்குள் கடல்நீர் இறங்கி, எல்லாம் பட்டுப்போயின. இலை இருந்தவரை தூரத்திலேயே பச்சையாகத் தெரிந்த மரங்கள் இப்போது வெறும் முள்ளாக நின்றன. கருக்கல் நேரத்தில் அவை கண்ணுக்கே படவில்லை. அந்த மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடல்மேல் வரும் பறவை அதன் வழியாகத்தான் கழிக்குள் இறங்க வேண்டும்.

அந்தப் பங்குனியில் வாத்துக் கூட்டம் கிளம்புகிற நாள். கூட்டத்தின் தலைவி வேரா, வயதான ஊசிவால் வாத்து, கரையில் நின்று வெகுநேரம் பேசினாள். மரங்களைக் காட்டினாள், கடலைக் காட்டினாள், வரப்போகும் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் ஒரு சொல்லைச் சொல்லி, அதையே இன்னொரு தரமும் சொன்னாள்.

தழலி அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. இரண்டு சொல்லை ஒட்டவைத்த ஒற்றைச் சொல். ஒரு பாதி வெளிச்சம் என்பது பிடிபட்டது. மறுபாதி பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டது மடையான். அந்தக் கழிக்கு அதுதான் நாட்டாமை. ஒற்றைக்காலில் நின்றே எல்லா வழக்கையும் தீர்க்கும் கிழக்கொக்கு.

இந்தப் பக்கம் மடையானும் ஊர்ப்பறவைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் வேரா பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் தழலி. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று திரும்பிக் கேட்டிருக்கலாம், மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் அத்தனை கண்களுக்கு முன்னால், நேற்று வந்தவள்போல எப்படிக் கேட்பது? விருந்தாளி, வெளிச்சம், வரும் நேரம் என்று கையிலிருந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தாள். நம் ஊரில் விருந்தாளிக்கு விளக்கை எப்படிப் பிடிப்போம்? முகத்துக்கு நேரே. வேறென்ன இருக்கப்போகிறது?

"வரும்போது விளக்கு வெக்கணுமாம். மரத்துக்கு முன்னால, அவங்க மொகத்துக்கு நேரா, பளிச்சுன்னு," என்றாள்.

சேற்றில் உட்கார்ந்திருந்த சடையன் என்ற தவளை வாயை அகலத் திறந்தான். "அந்தம்மா கஞ்சி ஆறிப்போற அளவு பேசினாங்க. நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சத்த நீயே முழுங்கிட்டியாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். தழலிக்குச் சுருக்கென்றது.

"அவங்க பாஷை அப்படித்தான் நீளும். கெணத்துக்குள்ள கெடந்தவனுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது," என்றாள்.

அதற்கும் சிரித்தார்கள்.

"அவர்களுக்குப் புரிந்ததா?" என்று வேரா தன் மொழியில் கேட்டாள்.

"நன்றாகப் புரிந்தது" என்றாள் தழலி.

ஐப்பசி வந்தது. வாத்துகள் வருகிற சேதியைக் கடற்காக்கை முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்தது. கருக்கலில் ஆயிரம் மின்மினிகள் பட்ட மரங்களுக்கு முன்னால் கடலைப் பார்த்து வரிசையாக நின்றன. தழலி நடுவில் நின்றாள். அப்படியொரு வெளிச்சத்தை அந்தக் கழி அதுவரை கண்டதில்லை. "கல்யாண ஊடு மாதிரி இருக்கு," என்றது மடையான்.

வேராவும் மூத்த பறவைகளும் பழக்கத்தில் இடைவெளியைப் பிடித்து இறங்கிவிட்டன. பின்னால் வந்த குஞ்சுகளுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த எதுவும் தெரியவில்லை. கண் கூசி, விளக்கை நோக்கி நேரே வந்தன. மின்மினிகளின் தலைக்கு மேலே படபடவென்று சத்தம் கேட்டது. முள் முறிகிற சத்தம். பிறகு ஒரு கத்தல், தொடர்ந்து பல கத்தல்.

இரண்டு குஞ்சுகளுக்கு இறக்கை கிழிந்திருந்தது. வேராவின் மகள் வயிற்றுக் கடைக்குட்டி ஒரு கிளையில் தொங்கியது. அசையவில்லை.

வேரா நீந்தி வந்து தழலிக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "கேட்டுச் சொல். நான் ஒன்று கேட்டேன். இவர்கள் ஏன் வேறொன்று செய்தார்கள்?"

அந்தக் கணத்தில்தான் தழலிக்குத் தான் ஒட்டிச் சொன்னது தவறு என்று விளங்கியது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. இந்தக் கழியில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் எதைச் சொன்னாலும் அதுதான் உண்மை.

"காற்று மாறி அடித்தது. விளக்குகள் இடம் நகர்ந்துவிட்டன," என்றாள் வேராவிடம்.

"என்னம்மா சொல்றாங்க? நம்மளயா ஏசுறாங்க?" என்றது மடையான். 

"இல்லீங்க. விதின்றாங்க. யாரு மேலயும் குத்தம் இல்லயாம்."

மடையான் கண்ணை மூடித் திறந்தது. "பெரிய மனசு," என்றது. "நாளைக்கு அவங்க தங்கச்சி கூட்டம் வருதாமே, இதவிட ரெண்டு பங்கு. இன்னைக்கு வெளிச்சம் பத்தாமத்தான் புள்ளைங்க தடுமாறிடுச்சு போலருக்கு. நாளைக்கு எல்லா விளக்கையும் கூட்டிட்டு வாங்க, ரெட்டை வரிசையா நிக்கட்டும். நான் சொன்னேன்னு அவங்கட்ட சொல்லும்மா."

தழலி வேராவின் பக்கம் திரும்பினாள். "நாளை இன்னும் கவனமாக வைப்பார்களாம்."

"நன்றி சொல்" என்றாள் வேரா. "நான் சொன்னபடியே வைத்தால் போதும். காற்று யார் கையில் இருக்கிறது?"

"நன்றின்றாங்க," என்றாள் தழலி.

"அதெல்லாம் எதுக்கும்மா நமக்குள்ள," என்றது மடையான்.

வேராவும் மடையானும் ஒருவரையொருவர் பார்த்துத் தலை தாழ்த்திக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தழலி தாங்கியிருப்பாள்.

மறுநாள் பகல் முழுவதும் மின்மினிகள் நாணல் புதரில் கூடி, யார் எந்த வரிசை என்று பேசிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கழியிலிருந்தும் ஆள் சேர்த்திருந்தார்கள். "நீங்கதான்க்கா நடுவுல நிக்கணும். நல்லா முன்னால," என்றாள் ஒருத்தி. தழலி ஓரிலையின் அடியில் ஒண்டிக்கொண்டு கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் இனி யாரும் துபாஷியம்மா என்று கூப்பிட மாட்டார்கள். நண்டு வழிவிடாது. சடையன் பாட்டுக் கட்டிப் பாடுவான். சொல்லாவிட்டால் என்ன? ஒன்றும் ஆகாது. அவளுக்கு ஒன்றும் ஆகாது.

உச்சி சாய்ந்ததும் திட்டுப் பக்கம் போனாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். அங்கே இறக்கை கிழிந்த குஞ்சு ஒன்று, அலகால் இறகைக் கோதிவிட்டுக்கொண்டிருந்த வேராவிடம் கேட்டது, "பாட்டி, என் சித்தி மகளும் இன்றைக்கு வருகிறாளா?"

"வருகிறாள்."

"அவளுக்கும் விளக்கு வைப்பார்களா?"

"வைப்பார்கள். நல்லவர்கள்."

தழலி பறந்து இறங்கி வேராவுக்கு முன்னால் வந்தாள். நெற்றி விளக்கு ஏற்றாமலேயே சுட்டது.

"ஒன்று கேட்க வேண்டும்," என்றாள். "போன பங்குனியில் கடைசியாக ஒரு சொல் சொன்னீர்களே. இரண்டு தரம் சொன்னீர்கள். அதற்கு என்ன பொருள்?"

வேரா கோதுவதை நிறுத்தினாள்.  பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு பொருளுக்குப் பின்னால் நிற்கிற வெளிச்சம். முன்னால் வைத்தால் வெளிச்சம் தன்னைத்தான் காட்டும். பின்னால் வைத்தால் முன்னால் நிற்பதைக் காட்டும். முள்ளும் கிளையும் கறுப்பாகத் தெரியும். எங்கே இடைவெளி என்று சின்னக் குஞ்சுக்கும் தெரியும். எங்கள் ஊரில் அதற்குத் தனியாகவே ஒரு சொல் உண்டு."

வேரா தழலியின் முகத்தைப் பார்த்தாள்.

"காற்று அடிக்கவில்லை, இல்லையா?"

"இல்லை."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தால்," என்றாள் வேரா, "நான் பத்துத் தரம் சொல்லியிருப்பேனே."

தழலி இறக்கை கிழிந்த குஞ்சைப் பார்த்தாள்.

"அவர்களிடம் போய்ச் சொல்" என்றாள் வேரா. "எல்லாவற்றையும். நேற்று நீ சொன்னதையும் சேர்த்து. நானும் வந்து நிற்கிறேன். உன் முகத்தைப் பார்த்தால் நீ சொல்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியும்."

கரையில் எல்லாரும் கூடினார்கள். தழலி சொல்லத் தொடங்கினாள். "அவங்க சொன்ன சொல்லு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நானா ஒண்ணு சொன்னேன். விளக்க மரத்துக்குப் பின்னாலதான் வெக்கச் சொன்னாங்க. நேத்து விதின்னும் அவங்க சொல்லல. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னுதான் கேட்டாங்க. காத்து மேல பழியப் போட்டு, அவங்கட்டயும் பொய் சொன்னேன்."

மடையான் தூக்கியிருந்த காலை இறக்கித் தரையில் ஊன்றியது. "அப்ப நேத்து நான் அவங்கட்ட நமக்குள்ள எதுக்குன்னு சொன்னனே," என்றது.  சடையன் ஏதாவது சொல்வான் என்று தழலி காத்திருந்தாள். அவன் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி முதுகைத் திருப்பிக்கொண்டான்.

தழலி தலையைக் குனிந்தாள். நெற்றி மார்பில் படுகிறவரை குனிந்தாள். அதற்கும் கீழே குனிந்தாள். அத்தனை நாள் நிமிர்ந்தே இருந்த நெற்றியில் விளக்குக்குப் பிடிமானம் விட்டுப்போயிற்று. அது பிடரியில் ஏறி, முதுகு வழியாக உருண்டு, வாலடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் அதை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை.

"குஞ்சு கண்ணுல வெளிச்சம் அடிச்சது நாங்களுந்தான்," என்றாள் பக்கத்தில் நின்ற மின்மினி. அவளும் குனிந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் குனிந்தன. ஆயிரம் விளக்குகளும் முதுகு வழியே இறங்கின.

"இருட்டப் போகிறது. போய் வையுங்கள்," என்றாள் வேரா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வேரா சொன்னதைத் தழலி ஊராருக்கு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மின்மினிகள் மரங்களுக்குப் பின்பக்கம் பறந்தன. வேரா கடல் பக்கம் நீரில் நின்று பார்த்துக்கொண்டாள். தழலி ஓரிடத்தில் நின்று விளக்கை ஒருதரம் காட்டினாள். உடனே அணைத்துக்கொண்டு, "இங்கே சரியா?" என்று கேட்டாள்.

"இன்னும் பின்னால்."

கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி காட்டினாள். அணைத்தாள். "இங்கே?"

"இன்னும்."

ஒவ்வொரு மின்மினியும் அப்படியே ஒருதரம் காட்டியது, அணைத்தது, கேட்டது, நகர்ந்தது. கடல்மேல் இறக்கைச் சத்தம் கேட்டபோது பின்னால் இருந்த வெளிச்சத்தில் மரங்கள் முள் முள்ளாகக் கறுப்பாக எழுந்து நின்றன. நடுவில் இடைவெளி கதவு திறந்தாற்போலத் தெரிந்தது. தழலி அண்ணாந்து பார்க்கவில்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். முள் முறிகிற சத்தம் வரவில்லை. வேரா தன் தங்கையைப் பார்க்க அவளைக் கடந்துதான் போனாள். நிற்கவில்லை.

மின்மினி விளக்கைப் பின்னால் சுமக்க ஆரம்பித்தது அந்த ஐப்பசியிலிருந்துதான். அது தொடர்ந்து எரியாததும் அன்றிலிருந்துதான். ஒருதரம் காட்டும், வெட்கப்பட்டு அணைத்துக்கொள்ளும், இருட்டில் கொஞ்சம் நகர்ந்துபோய், இங்கே சரியா என்று மறுபடி கேட்கும்.