கொக்கு கேட்ட பத்துக் கேள்விகள்

ஒரு காட்டில் இரண்டு வருடங்களாக மழையே இல்லை. குளம் வற்றியது, ஓடை வற்றியது, கடைசியில் ஆறும் வெறும் மணலாகிவிட்டது. அந்த மணலை ஒரு பெண் யானை மூன்று நாள் விடாமல் தோண்டியது. நான்காம் நாள் காலையில் ஊற்று கசிந்தது. விலங்குகள் எல்லாம் யானையைக் கையெடுத்துக் கும்பிட்டன. அன்று முதல் யானைதான் அவற்றுக்குத் தலைவி.

ஆனால் குழந்தைகளே, அந்த ஊற்றில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறியது. யாராவது முந்தியடித்துக்கொண்டு இறங்கினால் போதும், கரை மணல் சரிந்து குழி மூடிவிடும். பிறகு எல்லார் வாயிலும் மண்தான்.

யானை ஒரு நாள் காலையில் எல்லாரையும் கூட்டியது.

"ஊற்றுக்கு ஒரு காவல் வேண்டும். நல்ல குணம் உள்ளவராகப் பார்த்து வைப்போம். அதேபோல், அனுசரித்துப் போகத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. ஒருவரால் எல்லாருக்கும் கேடு வந்துவிடும். அவர் மலைக்கு அப்பால் போகட்டும். ஆனால் யார் எப்படிப்பட்டவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

மலைக்கு அப்பால் வெறும் பொட்டல். அங்கே ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

கொக்குதான் முன்னால் வந்தது. தான் ஊர் உலகம் பார்த்த கொக்கு என்று அதற்கு ஒரு நினைப்பு.

"அம்மா, நான் கொஞ்ச நாள் ஒரு பட்டணத்துக் குட்டையில் இருந்தேன். கரையில் ஓர் அலுவலகம். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். 'உனக்குப் பொறுமை உண்டா, பிறரோடு ஒத்துப்போவாயா' என்று கேள்வி இருக்கும். பதிலை வைத்தே ஆளின் குணத்தை அளந்துவிடுவார்கள். ஜன்னல் வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்."

"நமக்கு எழுதத் தெரியாதே?" என்றது மான்.

"புளியங்கொட்டை இருக்கிறதே. நான் பத்துக் கேள்வி கேட்பேன். 'இல்லவே இல்லை' என்றால் உங்கள் முன்னால் ஒரு கொட்டை வையுங்கள். 'எப்போதும் உண்டு' என்றால் ஐந்து. நடுவில் இருப்பவர்கள் இரண்டோ மூன்றோ நான்கோ வைக்கலாம். அவ்வளவுதான்."

யானைக்கு அது நியாயமாகப் பட்டது. பரீட்சை தொடங்கியது.

முதலில் வந்தது குரங்கு.

"உனக்குப் பொறுமை..." என்று கொக்கு ஆரம்பிப்பதற்குள் குரங்கு ஐந்து கொட்டைகளை வைத்துவிட்டது.

"கேள்வியை முழுதாகக் கேட்டால் என்ன?" என்றது கொக்கு.

"எதற்கு? நல்ல குணமா, கெட்ட குணமா என்று மட்டும் சொல். நல்லது என்றால் எனக்கு ஐந்துதான்."

பத்துக் கேள்விக்கும் ஐந்து ஐந்தாக ஐம்பது கொட்டை. கொக்குக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பட்டணத்தில்கூட இப்படி ஓர் ஆளை அது பார்த்ததில்லை.

அடுத்து மான் வந்தது, முயல் வந்தது. இரண்டும் யோசித்து யோசித்து, பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, முப்பதுக்கு மேல் வாங்கிக்கொண்டன. இப்படியே ஒவ்வொன்றாக வந்து போயின.

கடைசியில் முள்ளம்பன்றி வந்தது. அதன் இரண்டு குட்டிகளும் கூடவே வந்தன.

"கோபத்தை அடக்கிக்கொள்வாயா?" என்று கேட்டது கொக்கு.

"எங்கே அடங்குகிறது? முள் தானாக எழுந்து நிற்கிறது." ஒரு கொட்டை வைத்தது முள்ளம்பன்றி.

"எல்லாரோடும் சேர்ந்து இருக்கப் பிடிக்குமா?"

"பக்கத்தில் வந்தால் அவர்களுக்குத்தான் குத்தும்." இன்னொரு கொட்டை.

"இனிமையாகப் பேசுவாயா?"

"பேசினால் நீ இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்." அதற்கும் ஒன்று.

"பிறருக்கு உதவி செய்வாயா?"

முள்ளம்பன்றி வெகு நேரம் யோசித்தது. "அப்படி ஒன்றும் செய்ததாக நினைவில்லை. குட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, பொய் சொல்லக் கூடாது" என்று ஒரே ஒரு கொட்டையை வைத்தது.

பத்துக் கேள்வி முடிந்தபோது அதன் முன்னால் பத்தே கொட்டைகள் இருந்தன. காட்டிலேயே கடைசி.

யானைக்கு மனசே இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மீற முடியாதே. "குரங்கு காவல் இருக்கட்டும். முள்ளம்பன்றியே, நீ வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடு" என்றது.

முள்ளம்பன்றி சண்டை போடவில்லை. "அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள். சரியாகத்தான் இருக்கும். குட்டிகள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டது.

"போகிறவர்களுக்கு எதற்குத் தண்ணீர்?" என்றது புதிய காவல்காரக் குரங்கு. அது ஏற்கெனவே ஊற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு காலைத் தண்ணீரில் விட்டிருந்தது.

குட்டிகளை முன்னால் விட்டு முள்ளம்பன்றி நடக்கத் தொடங்கியது. அப்போது மானுக்குப் பொறுக்கவில்லை.

"நில்லுங்கள் அக்கா. அம்மா, ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை என் குட்டி புதருக்குள் கிடந்தபோது சிறுத்தை வந்துவிட்டது. இவள்தான் புதர் வாசலில் முள்ளை விரித்துக்கொண்டு நின்றாள். சிறுத்தை போகிற வரை நகரவில்லை. அப்புறம், 'குட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா உனக்கு' என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள். திட்டியதைத்தான் இத்தனை நாளும் மனசில் வைத்திருந்தேன். குட்டி இன்று என் பக்கத்தில் நிற்பதே இவளால்தான்."

"என் வளை இடிந்தபோது மண்ணைத் தள்ளி என்னை வெளியே எடுத்தது யார்? இவள்தானே" என்றது முயல். "நான் அப்போது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை."

கொக்கு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. குளம் வற்றியபோது அந்தக் கால்தான் காய்ந்த சேற்றில் மாட்டிக்கொண்டது. கொக்கு இரண்டு நாள் கத்தியது. கத்தல் கேட்டு வந்த முள்ளம்பன்றி முணுமுணுத்துக்கொண்டே சேற்றைத் தோண்டி அதை விடுவித்தது. முள் ஒன்று சிறகில் குத்திவிட்ட கோபத்தில் கொக்கு திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டது. இப்போது அதை நினைத்தபோது கொக்குக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, கேள்வி தப்பில்லை. நான் கேட்ட ஆள்தான் தப்பு" என்றது கொக்கு. "இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இதற்கு யாரும் தன் முன்னால் கொட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஆபத்து வந்தபோது கை கொடுத்தவர் யார்? அவர் முன்னால் ஐந்து கொட்டை வையுங்கள்."

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள்.

"ஊற்றுக்காக எனக்கு வைக்க வேண்டாம். அதற்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள்" என்றது யானை.

மான் வைத்தது. முயல் வைத்தது. கொக்கு தலை குனிந்து வந்து வைத்தது. அணில், ஆமை, உடும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நாள் ஞாபகம் வந்தது. முள்ளம்பன்றியின் முன்னால் கொட்டைகள் குவிந்துவிட்டன.

"எடுங்கள் இதையெல்லாம். குட்டிகள் வழுக்கி விழப்போகின்றன" என்று அது அதட்டியது. ஆனால் அதன் கண்கள் கலங்கியிருந்தன.

"நீயும் வைக்க வேண்டும், அக்கா" என்றது கொக்கு.

முள்ளம்பன்றி ஐந்து கொட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு ஊற்றங்கரைக்குப் போய்க் குரங்கின் முன்னால் வைத்தது.

"போன ஆடியில் என் குட்டிகள் பசியில் சுருண்டு கிடந்தன. நீ மரத்திலிருந்து நாவல்பழம் போட்டாய். ஒன்றிரண்டல்ல, கை நிறைய. அதை நான் மறக்கவே இல்லை."

குரங்குக்கு வேறு யாரும் ஒரு கொட்டைகூட வைத்திருக்கவில்லை. அது அந்த ஐந்தையும் பார்த்தது, முள்ளம்பன்றியைப் பார்த்தது.

"அக்கா, அதெல்லாம் புழு விழுந்த பழம். எனக்கு வேண்டாம் என்றுதான் கீழே எறிந்தேன்."

"தெரியும். புழுவை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். பசி தீர்ந்ததல்லவா?"

குரங்கு மெதுவாகக் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தது.

"முள்ளம்பன்றி எங்கும் போக வேண்டாம். இனி ஊற்றுக்கு அவள்தான் காவல்" என்றது யானை.

குரங்கு இரண்டு குட்டிகளையும் தானே ஊற்றுக்கு அழைத்துப் போனது. அவை வயிறு நிறையக் குடித்து முடிக்கும் வரை, வாய் காய்ந்தபடி அவற்றின் பின்னால் நின்றது.

நீதி: ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் வாயால் கேட்டு அளக்காதே, அவரால் பிழைத்தவர்களின் நன்றியைக் கேட்டு அளந்து பார்.