தலைவர் ஐயாவின் கட்டுரை

கட்டடப் பொறியாளர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் மரகதவல்லிதான் கடைக்குட்டி. அடித்தளத்தில் ஊறும் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று ஒருநாள் கேட்டாள். பதிலுக்கு வந்ததெல்லாம் கும்பிடும் கைகளும் ரோஜாப்பூக்களும்தான். கடுப்பில், "இங்கே யாரும் எதையும் படிக்கிறதில்லை" என்று எழுதிவிட்டாள்.

குழுத்தலைவர் ஞானதிரவியத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாயங்காலத்துக்குள்ள நிரூபிம்மா. இல்லேன்னா உன்னைக் குழுவை விட்டே தூக்கிடுவேன்."

அவளுக்கு வேலை கிடைப்பதே அந்தக் குழு வழியாகத்தான். சற்று யோசித்து ஒரு வரி போட்டாள்: "விவாதத்தின் தரம் பற்றித் தலைவர் ஐயா எழுதிய கட்டுரை கீழே."

கீழே ஒன்றுமே இல்லை.

கைதட்டல்கள் கொட்டின. "ஆழமான கட்டுரை ஐயா!" "கண்ணைத் திறந்துட்டீங்க!" ஒருவர் மட்டும் மூன்றாம் பத்தியோடு பணிவாக முரண்பட்டார். கடைசியில் தலைவரே வந்தார்: "எல்லாருக்கும் நன்றி. ரொம்ப உழைச்சு எழுதினது."

"ஐயா, நீங்க கட்டுரையே எழுதலையே" என்றாள் மரகதவல்லி.

தலைவர் தன் நன்றிச் செய்தியை அழித்தார். பிறகு, "நீ இங்கேயே இரும்மா" என்று எழுதினார்.

அதற்கும் உடனே ஒரு பதில் வந்தது: "ரெண்டாம் பாகம் எப்போ ஐயா?"