மலையேறி வந்த அம்மி

முன்னொரு காலத்தில், மலைமேல் கோட்டை கட்டி வாழ்ந்த ஒரு மன்னருக்கு, விருந்து முடித்துக் கை கழுவும்போது ஒரு சந்தேகம் வந்தது. கால் விளங்காதவர்களுக்கு அரண்மனை கொடுக்கும் படியரிசியை, நன்றாக நடமாடுகிறவர்களும் வாங்கித் தின்கிறார்களோ?

"இனி ஒவ்வொருவரும் கோட்டைக்கு நேரில் வந்து, தமக்கு நடக்க முடியாது என்று காட்டட்டும்!" என்று உத்தரவு போட்டார்.

அரிசிக்குப் பொறுப்பான அதிகாரி வச்சிரநாதருக்குக் கொண்டாட்டம். வராதவர்களுக்கு, உத்தரவை மீறியதாகச் சொல்லி அரிசியை நிறுத்தினார். வந்தவர்களிடம், "மலையேறி வந்துவிட்டாயே, உனக்கு எதற்கு அரிசி?" என்று சொல்லி நிறுத்தினார். களஞ்சியம் நிரம்பியது. மன்னர் சபையில் அவரைப் பாராட்ட, வச்சிரநாதர் விகடகவி உலகப்பனைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். மன்னர் அருகில் உலகப்பன் உட்காருவது அவருக்கு வெகுநாளாகவே பிடிக்காது.

அன்று மாலை உலகப்பன் கீழே இறங்கும்போது, படிக்கட்டில் ஒரு பெண் கைகளை ஊன்றி ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். செவந்தி என்று பெயர். புளியமரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவள். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் கசிந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"என் கால் நடக்குதாம் சாமி. எனக்குத் தெரியாம எப்ப நடந்துச்சோ!"

உலகப்பன் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவளை முதுகில் சுமந்து மலையடியில் இருந்த குடிசையில் சேர்த்தான்.

"நாளைக்கு மன்னர்கிட்ட நேரா முறையிடலாம், வர்றியா?"

"ஒரு தரம் ஏறினதுக்கே அரிசி போச்சு. இன்னொரு தரம் ஏறினா அடுப்பையும் பிடுங்கிக்குவாங்க."

வாசலில் ஓர் அம்மி கிடந்தது. உலகப்பன் அதையே பார்த்தான். "இதை ஒருநாள் இரவலாத் தர்றியா?"

"எடுத்துட்டுப் போங்க. அரைக்கத்தான் வீட்டுல ஒண்ணும் இல்லையே."

மறுநாள் சபை கூடியபோது, அரியணைக்கு நேரெதிரே அந்த அம்மி உட்கார்ந்திருந்தது. அருகில் உலகப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மன்னர் பெருமானே, இந்த வீரனைத் தங்கள் காலாட்படையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்."

"அம்மியையா?"

"ஆம் பிரபு. நன்றாக நடக்கும். நேற்று மலையடியில் இருந்தது, இன்று மலைமேல் இருக்கிறது."

வச்சிரநாதர் துள்ளி எழுந்தார். இத்தனை நாள் காத்திருந்த வாய்ப்பு! "மன்னா, சபையில் பொய் சொல்பவனுக்கு நாடு கடத்தல் தண்டனை. கல் எங்கேயாவது நடக்குமா? உலகப்பா, உண்மையைச் சொல். இது எப்படி மேலே வந்தது? யார் தூக்கி வந்தது?"

உலகப்பன் கைகூப்பினான். "நான்தான் சுமந்து வந்தேன் ஐயா. மலைமேல் வந்ததெல்லாம் நடக்கும் என்பது தங்கள் தீர்ப்பு. அதை நம்பிச் சொல்லிவிட்டேன். ஆனால், எப்படி வந்தாய் என்று இந்தக் கல்லுக்காக ஒரு வார்த்தை கேட்டீர்களே, அதை நேற்று செவந்தியிடம் கேட்டிருக்கக் கூடாதா? கையை ஊன்றி ஊர்ந்து வந்தேன் என்று சொல்லியிருப்பாளே!"

வச்சிரநாதர் தரையைப் பார்த்தார். மன்னரின் முகம் சுருங்கியது.

"உத்தரவு போட்டவன் நான். முதல் தவறு என்னுடையது" என்றார் மெதுவாக. "நிறுத்திய அரிசி முழுவதும் இன்றே அவரவர் வீட்டுக்குப் போகட்டும். வச்சிரநாதரே, மூட்டையோடு நீரும் போய், ஒவ்வொரு வாசலிலும் மன்னிப்புக் கேளும். இனி அரிசிக்காகவோ தீர்ப்பில் குறை சொல்லவோ யாரும் மேலே ஏற வேண்டாம். உலகப்பன் கீழே போய்க் கேட்பான். இன்று நானும் வருகிறேன்."

மன்னரின் பல்லக்கு செவந்தியின் வாசலில் இறங்கியது. அவள் பதறிப்போய்ப் பாயை விரித்தாள்.

"வாங்க மகாராசா! நடந்தா வந்தீங்க?"

"இல்லையம்மா, பல்லக்கில் வந்தேன்."

"அய்யோ பாவம், உங்களுக்கும் நடக்க முடியாதா?" செவந்தி உலகப்பன் பக்கம் திரும்பினாள். "சாமி, இவருக்கும் ஒரு படி அரிசி எழுதிக்குங்க!"

மன்னர் ஒரு கணம் திகைத்தார். பிறகு பல்லக்குத் தூக்கிகளும் சேர்ந்து சிரிக்கும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்போடே தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டுவிட்டு, கோட்டைக்கு நடந்தே ஏறினார்.