ஈசானிய மூலையில் ரூட்டர்

"அம்மா, மனசு ஒரு நிலையில நிக்கவே மாட்டேங்குது" என்றார் சிதம்பரதாணு.

கணினித் திரையில் குரு மங்கையர்க்கரசி சிரித்தார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்தாறு. தினமும் காலையில் வீடியோவில்தான் பாடம்.

"எது தடுக்குது?"

"வேற யாரு, என் வீட்டுக்காரிதான். நீங்க வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, அடுப்படியில நின்னு 'அக்கா, ஹலோ, கேக்குதா'ன்னு கத்துவா."

மனைவி பகவதியின் அக்கா பினாங்கில் படுத்த படுக்கை. நினைவு தெளிந்து பேசுவது அந்தக் காலை நேரத்தில் மட்டும்தான். அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கோ.

"என் குரல் உங்களுக்கு நல்லாக் கேக்குதா?"

"கேக்காம? ஈசானிய மூலையிலதான் ஞானம் இறங்கும்னு, ரூட்டரை இந்த அறையிலயே வெச்சு, கம்ப்யூட்டருக்கு நேரா கேபிள் போட்டிருக்கேன்." மனுஷருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அடுப்படிக்கு?"

"அதுக்கென்ன, வைஃபை இருக்கு. காத்துல போயிரும்."

"நாளைக்குப் பாடத்தை அடுப்படியில நின்னு, போன்ல கேளுங்க."

இதென்ன கூத்து என்று முனகிக்கொண்டே மறுநாள் போனார். குருவின் முகம் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்தது.

"அம்மா, ஹலோ, கேக்குதா?" என்று கத்தினார்.

"அங்க நின்னா கெடைக்காது" என்றாள் பகவதி. "இந்த முக்காலியில ஏறி, ஜன்னல் கம்பிகிட்ட போனைத் தூக்கிப் பிடிங்க. கை வலிச்சா மத்தக் கைக்கு மாத்திக்கலாம்."

"நீ தெனமும் இப்படித்தான் பேசுதியா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க படிக்கிற நேரம்லா."

மூட்டுவலிக்காரி.

உடனே போய் ரூட்டரைக் கழற்றினார். நீளமாகக் கேபிள் வாங்கிவந்து, பூஜையறைச் சுவரைச் சுற்றி இழுத்து, அடுப்படி அலமாரி மேல் ரூட்டரை வைத்தார். குருவை மனதுக்குள் கும்பிட்டார். பகவதியை நேராகவே கும்பிட்டிருப்பார், அவள் விடமாட்டாள்.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போன் திரையில் அக்கா முகம் தெளிவாக வந்தது. தங்கச்சியை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி பகவதி, இன்னைக்கு உக்காந்தா பேசுத?"