செவப்புப் பக்கத்து ரப்பர்

தூத்துக்குடி துறைமுக டீம்ல கஸ்பார்னு ஒருத்தன் டேபிள் டென்னிஸ் ஆடிக்கிட்டிருந்தான். ஒரு காலத்துல அவன் வலப்பக்கத்துல இருந்து வீசி அடிச்சா, எதுத்தாப்புல நிக்கிறவன் பந்தப் பாக்க மாட்டான், சத்தத்ததான் கேப்பான். அந்த அடிக்குத்தான் அவனுக்கு வேலையே குடுத்தாவ. டீம்ல இருக்கிற வரைக்கும் ஆட்டம். டீம விட்டுப் போனா யார்டுல கிரேனுக்குக் கீழ வெயில்ல நிக்கணும்.

நாப்பது தாண்டுனதும் அந்த அடி போச்சு. எங்க போச்சுன்னு அவனுக்கே தெரியல. ரப்பர்தான் சரியில்லன்னு நெனச்சான்.

பேட்டுல ஒட்டுற ரப்பருக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாவ. டொமினிக்னு ஒருத்தன், ரப்பர உரிச்சு அடியில எண்ணெ தடவுனா உப்பிக்கிட்டு பந்து பறக்கும்னு எவனோ சொன்னத நம்பி, வீட்டுல இருந்த தேங்காண்ணெயத் தடவிட்டான். நல்ல மேட்ச். ஓங்கி ஒரு அடி. பந்து வலையில, ரப்பர் தோச கணக்கா பறந்துபோய் அம்பயர் மடியில. "சட்னி எங்கலே?"ன்னாராம் அம்பயர். சரி, அவன் கத கெடக்கட்டும்.

டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு சனிக்கெழம நாள் குறிச்சிட்டாவ. கஸ்பார், பிள்ளையளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்குடுக்கிற பெனிட்டா டீச்சர்கிட்ட போனான். அவனுக்கு ரொம்ப எளையவ. ஆனா ஆட்டத்த அவள மாதிரி படிக்க ஆள் கெடையாது. அவ அம்மையும் அப்படித்தான். மீன் விக்க வாறவ, "கண்ணப் பாருக்கா, உசுரோட முழிக்குது"ன்னா, அம்மை செவுளத் தூக்கிப் பாத்துட்டு, "முழிக்கது நீதாம்ட்டீ"ன்னு கூடையத் தள்ளிருவா. எங்கயோ போயிட்டேன் பாருங்க.

கஸ்பார் கேட்டான். "டீச்சர், என் ஆட்டத்துக்கு எந்த ரப்பர் சேரும்?"

"ஒங்க ஆட்டம் என்னண்ணே?"

"அடிக்கிற ஆட்டம். ஒங்களுக்குத் தெரியாதா?"

"இதுவர என்னென்ன போட்டீய?"

"மெத்துனு ஒண்ணு போட்டேன், பந்து செத்துப்போவுது. கெட்டியா ஒண்ணு போட்டேன், மேசைய விட்டு ஓடுது. ஒட்டுற ரப்பர் போட்டேன், நம்ம ஊரு உப்புக்காத்துக்கு வழுக்குது."

"இப்ப இருக்கது?"

"கிறிஸ்மஸுக்கு ரெண்டு பக்கமும் புதுசா ஒட்டுனது. வலப்பக்கப் பந்த வீசி அடிக்கிறது செவப்பு, மறுபக்கம் கறுப்பு. செவப்ப மட்டும் வாராவாரம் உரிச்சு எண்ணெ போடுதேன். எண்ணெ போடுறது விதிக்கு ஆகாது, அம்பயர் கண்டா தொரத்திருவான், பரவால்ல. தெனமும் சாயந்தரம் ஈரத்துணியால தொடச்சு, கண்ணாடித்தாள் ஒட்டி மூடுதேன். பெத்த பிள்ளைய கூட இப்படிப் பாக்கலன்னு வீட்டுல ஏசுதா."

"பேட்டத் தாங்க."

ஜன்னல்கிட்ட கொண்டுபோய் வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா. கறுப்புப் பக்கம் நடுவுல வழுக்க விழுந்து கெடந்துச்சு. ஓரமெல்லாம் பிஞ்சுபோச்சு. செவப்புப் பக்கத்துத் தாள உரிச்சா. பளபளன்னு இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல.

"தோளு வலிக்குதாண்ணே?"

"இல்ல."

அவ அவன் வலது தோளப் பாத்தா. வெளிய ஏதோ கப்பல் ஊதுச்சு.

"கையத் தூக்க முடியல டீச்சர்" அப்படின்னான் கடைசியில. "சட்ட மாட்டக்கூட வீட்டுக்காரிதான் பிடிக்கா. டீம்ல யார்ட்டயும் சொல்லிராதீய."

"வலப்பக்கம் வாற பந்துக்கும் கால நவுத்தி, கறுப்பால தட்டிவிட்டுறீய."

"ஒண்ணு ரெண்டு அப்படி எடுப்பேன்."

அவ பேட்டத் திருப்பி, ரெண்டு பக்கத்தயும் அவனுக்குக் காமிச்சா. கஸ்பார் செவப்பத்தான் பாத்தான்.

"புதுசா ஒரு எண்ணெ வந்திருக்காம். போட்டா பழைய அடி திரும்பிரும்ங்கான் ஒருத்தன். அது வேண்டாம்னா விட்டுருதேன். சனிக்கெழம வருது டீச்சர். யார்டுக்குப் போனா இந்தத் தோள வச்சு நான் என்ன செய்ய? செவப்புப் பக்கத்துக்கு எந்த ரப்பர் போடன்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பெனிட்டா அந்தத் தாள எடுத்து, காத்துக் குமிழி இல்லாம, செவப்புப் பக்கத்துல மெதுவா ஒட்டுனா. பேட்ட அவன் கையில குடுத்தா.

"எதப் போட்டாலும் ஒண்ணுதாண்ணே. பந்து அங்க வாறதே இல்ல."