மாடபுரியின் தங்கக் குடம்

மாடபுரி என்றொரு தலைநகரம் இருந்தது. ‘இருந்தது’ என்று சொன்னால் அதற்குக் கோபம் வந்துவிடும். வளர்ந்துகொண்டே இருந்தது. போன வருஷம் சோளக்கொல்லை, இந்த வருஷம் சந்தனக்கடை. கடல் தாண்டி வந்த வியாபாரிகள் கழுத்து வலிக்க வலிக்க மாடிகளை அண்ணாந்து பார்த்தார்கள். ராஜா வீரகேதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்க்கமாட்டார். உப்பரிகையில் நின்று ஊரைப் பார்ப்பார். அதிலேயே தன் முகம் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்பு.

ஒருநாள் சபைக்கு நெட்டேரி கிராமத்து நாட்டாமை செல்லக்கண்ணு வந்தார்.

“ராஜா, எங்க ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கு. ஐப்பசி மழைக்குள்ள அடைக்கலேன்னா கரை உடைஞ்சு ஏழெட்டு ஊரு தண்ணியில போயிடும். கரைக்குன்னு ஒதுக்கின பணத்தைக் குடுத்தீங்கன்னா...”

அவர் முடிப்பதற்குள் வணிகர் தலைவர் தனகோடி எழுந்தார். கையில் பளபளவென்று ஒரு தங்கக் குடம்.

“மகாராஜா, பெரிய பெரிய தேசங்களில் எல்லாம் இப்போது நகரம்தான் ராஜ்யம். நம் மாடபுரி ஒன்றே சம்பாதிக்கிறது. மற்ற ஊரெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சந்தை நடுவே வானம் முட்ட ஒரு கோபுரம் கட்டுவோம். உச்சியில் வைக்க இதோ குடம்கூட வாங்கிவிட்டேன். ஏரிக்கரைப் பணத்தை அதற்குக் கொடுங்கள். நகரத்தில் உண்டான எதுவும் இனி நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது!”

“ஆஹா! அப்படியே ஆணை போட்டுவிடலாம்” என்றார் ராஜா.

செல்லக்கண்ணுவின் முகம் செத்துவிட்டது.

அந்தச் சபையில் செங்கமலம் என்றொரு மந்திரி இருந்தாள். ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் ராஜ்ய காரியம் பார்ப்பாள். பையன் அப்போது அவள் முத்துமாலையைச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள்:

“எதுவும் போகக்கூடாதா, தனகோடி ஐயா?”

“எதுவும்தான் அம்மணி! ஒரு துரும்புகூட!”

“நல்ல ஆணை மகாராஜா. இதை நடத்துகிற பொறுப்பை எனக்கே கொடுங்கள். ஒரு துரும்பு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.”

அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று பயந்திருந்த ராஜா சந்தோஷமாகத் தலையாட்டினார். செங்கமலம் வாசலில் செல்லக்கண்ணுவைப் பிடித்தாள்.

“அண்ணே, அழாதீங்க. காய்கறியைத் தலைச்சுமையாக் கொண்டாங்க. சுத்துப்பட்டு ஊரு வண்டி மாடு எல்லாத்தையும் கரைக்கு மண் சுமக்க விடுங்க. நான் ஆளனுப்புற வரைக்கும் ஒரு வண்டியும் இந்தப் பக்கம் வரவேணாம்.”

மாடபுரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காய்கறி ஏற்றி வரும் கிராமத்து வண்டிகள், போகும்போது யானைக் கொட்டாரத்துச் சாணம், குதிரை லாயத்துக் குப்பை, சந்தைக் கழிவு எல்லாவற்றையும் வயலுக்கு எருவாக அள்ளிப் போகும். நகரத்துப் பெரிய மனிதர்கள் எழுந்திருக்கும் முன்பே அது நடந்துவிடும். அதனால் குப்பை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இப்போது தெரிந்தது.

முதலில் ஒரு மாதிரி வாடை வந்தது. ‘மழை வரப்போகிறது இல்லையா’ என்றார்கள். அப்புறம் சந்தை முனையில் ஒரு மேடு முளைத்தது. யாராவது கூடையில் அள்ளிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனால், காவலாளி ஈட்டியை நீட்டினான்.

“எங்கே உண்டானது?”

“எங்க வீட்டு லாயத்துல.”

“நகரத்துச் சொத்து! திருப்பிக் கொண்டு போ!”

மேடு குன்றாயிற்று. தனகோடியின் மாளிகை சந்தைக்கு எதிரே. குன்று அவர் வீட்டு மாடி ஜன்னலை எட்டிப் பார்த்தது. ஈக்கள் பட்டு மெத்தையில் குடியேறின. கடல் தாண்டி வந்த வியாபாரிகள் இந்த முறை அண்ணாந்து பார்க்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு, பக்கத்து ராஜ்யத்துக்குக் கிளம்பினார்கள்.

தனகோடி துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார்.

“மகாராஜா! வியாபாரமே போச்சு! அதை வெளியே தள்ளச் சொல்லுங்கள்!”

“ஐயையோ, நகரத்தில் உண்டானதாச்சே!” என்றாள் செங்கமலம். “கோபுரம் கேட்டீர்களே. அதுவும் தானாகவே உயர்ந்துகொண்டு வருகிறது.”

ராஜாவும் நாற்றத்தில் வெற்றிலைச் சாற்றை விழுங்கமுடியாமல் தவித்தார். “விளையாடாதே செங்கமலம். ஆணை ரத்து. வண்டிகளைக் கூப்பிடு.”

“வண்டிகளெல்லாம் நெட்டேரிக் கரையில் மண் சுமக்கின்றன மகாராஜா. கரை உடைந்தால் எரு போட வயலே இருக்காது. அப்புறம் இதை யார் வாங்கிக்கொள்வார்கள்? வேண்டுமானால் தனகோடி ஐயாவின் பட்டு ஏற்றும் வண்டிகள் சும்மாதான் நிற்கின்றன...”

“பட்டு வண்டியிலா!” தனகோடி அலறினார். “மகாராஜா, கோபுரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கரையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்!”

அன்றைக்கே கோபுரத்துப் பணமும், கொத்தர்களும், சுண்ணாம்பும் நெட்டேரிக்குப் போயின. கரை எழும்பியது. மழை கொட்டியது. ஏரி தளும்பியது; உடையவில்லை. செல்லக்கண்ணு வண்டிகளோடு வந்து குன்றை அள்ளிக்கொண்டு போனார். போகும்போது தனகோடி வீட்டு வாசலில் நின்று, “தவறாம உண்டாக்குங்க ஐயா, வந்து எடுத்துக்கிறோம்” என்று கும்பிட்டார்.

மூச்சு விட முடிந்ததும் ராஜா கேட்டார்: “இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?”

செங்கமலம் இடுப்பிலிருந்த மகனைக் காட்டினாள்.

“இவனைப் பார்த்துத்தான் மகாராஜா. நாளொரு வளர்த்தி. ஊரே தூக்கிக் கொஞ்சுகிறது. ‘எல்லாம் எனக்கே’ என்று வாரி வாரி வாயில் போட்டுக்கொள்கிறான். ஒரே ஒரு வேளை நான் கழுவி விடாமல் இருந்து பாருங்கள், அப்புறம் யார் தூக்குகிறார்கள் என்று!”

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். “தனகோடி! கோபுரம்தான் இல்லையே. அந்தத் தங்கக் குடத்தை இவளுக்கே கொடும்!”

தனகோடி மனசில்லாமல் நீட்டினார். செங்கமலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் வாயை இரண்டு கையாலும் அளந்தாள். தரையில் வைத்தாள். மகனைத் தூக்கி மெதுவாக அதன்மேல் உட்காரவைத்தாள்.

“சரியாத்தான் இருக்கு, மகாராஜா.”