அனுபானம் தேடி ஓடிய அவை

முன்னொரு காலத்தில் கருவேலங்கோட்டையை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்ட நேரத்தைவிடச் சாப்பிட்ட நேரம்தான் அதிகம். ஒருநாள் நெய்ச்சோறும் பலாச்சுளையுமாக வெளுத்துக்கட்டியதில் வயிறு மந்தமாகிவிட்டது.

அரண்மனை வைத்தியர் சர்வோத்தம பண்டிதர் நாடி பார்த்தார். அவையோர் முன்னிலையில் ஒரு பொடியை நீட்டி, "இந்தச் சூரணத்தைத் தக்க அனுபானத்துடன் தருக!" என்று முழங்கினார். அவை முழுவதும் தலையாட்டியது. ராஜாவும் ஆட்டினான். பண்டிதர் பேச்சுக்கு அங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை. கேட்டால் மடையன் என்று சிரிப்பார்கள். நாம் மட்டும் என்னவாம்? டாக்டரிடம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மருந்துக் கடைக்காரரைக் கேட்பவர்கள்தானே!

மருந்தைக் கலக்கிக் கொடுக்க வேண்டிய மடைப்பள்ளிச் சமையல்காரி வேலாத்தாளும் தலையாட்டினாள், பாவம். எதில் கலப்பதென்று தெரியாமல் கையில் கிடைத்த புளித்த மோரில் கலக்கிக் கொடுத்தாள். ராஜாவின் வயிறு பானையாக உப்பிவிட்டது.

பண்டிதருக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். தன் மைத்துனனை மடைப்பள்ளியில் நுழைக்க அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். மறுநாள் அவை கூடியதும், "இது அலட்சியமல்ல மன்னா, துரோகம்! இவளை நாடு கடத்துங்கள்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று முனகினான் ராஜா.

"புள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க சாமி போவேன்?" என்று வேலாத்தாள் கதறினாள். கேட்க யாருக்கும் மனசு தாங்கவில்லை.

மந்திரி சிற்றம்பலவர் எழுந்தார். எழுந்தவர் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ மன்னா, எனக்கும் மந்தம்! அதே சூரணம் வேண்டும். அன்று தலையாட்டியவர்கள் எல்லாரும் ஓடிப்போய் அனுபானம் கொண்டு வாருங்கள். பண்டிதர் மட்டும் இங்கேயே என் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்!"

அவை சிதறி ஓடியது. தளபதி வெள்ளிக் கரண்டியோடு வந்தார். புரோகிதர் விபூதித் தட்டோடு வந்தார். புலவர் கையில் விசிறி. பொக்கிஷக்காரர் ஒரு தலையணையைத் தூக்கி வந்து, "மருந்து குடித்ததும் சாய்ந்துகொள்ள" என்றார்.

மந்திரி அத்தனையையும் பார்த்துவிட்டு ராஜாவிடம் திரும்பினார். "மன்னா, தாங்களும் அன்று தலையாட்டினீர்கள். அனுபானம் என்றால் என்ன?"

ராஜா மேலே உத்திரத்தைப் பார்த்தான்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "என்ன மூடத்தனம்! மருந்தை எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோமோ அதுதான் அனுபானம். தேன், பால், நெய் என்று நோய்க்குத் தக்கபடி மாறும். இதற்கு வெந்நீர்!"

"வெந்நீரா!" மந்திரியின் வயிற்றுவலி அந்தக் கணமே போய்விட்டது. "அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா பண்டிதரே? தெரியாதது குற்றமென்றால் இந்த அவையே மூட்டை கட்ட வேண்டுமே!"

ராஜா வேலாத்தாளைப் பார்த்தான். "நீ ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா எல்லாரும் சிரிப்பாங்களேன்னு பயந்துட்டேன் சாமி. என் பயத்தால உங்களுக்கு இப்படி ஆயிருச்சே."

ராஜாவின் மனசு இளகிவிட்டது. "எனக்கும் அதே பயம்தான் வேலாத்தா. ராஜாவான நானே கேட்கவில்லை. உன்னை எப்படித் தண்டிப்பேன்?"

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பண்டிதருக்கு ஓர் ஆணையும் போட்டான். எந்த மருந்தானாலும் அவரே மடைப்பள்ளிக்குப் போய், வேலாத்தாள் "புரிஞ்சுது" என்று சொல்லும்வரை விளக்க வேண்டும்.

மறுநாள் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பண்டிதர் சொன்னார்: "சூரணம் என்றால் பொடி. கஷாயம் என்றால் மருந்துச் சரக்கைக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சிய நீர். பத்தியம் என்றால் நோய்க்கு ஆகாததை விலக்குவது."

"நம்ம ராஜாவுக்கு ஆகாதது எது சாமி?"

"நெய்ச்சோறு, பலாச்சுளை."

"புரிஞ்சுது" என்றாள் வேலாத்தாள். நேரே போய், ராஜாவின் முன்னாலிருந்த நெய்ச்சோற்றை எடுத்துக்கொண்டு கஞ்சியை வைத்தாள்.

ராஜா பெருமூச்சோடு தலையாட்டினான். இந்த முறை நன்றாகப் புரிந்துதான் ஆட்டினான்.